கிட்டாரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

வெறும் பெட்டிதானே என்று நினைக்கும் கிட்டாருக்குள் ஒரு நீண்ட வரலாறு ஒளிந்திருக்கிறது. ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதி கூட்டினால் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் தொங்குவதற்குச் சமம். அதைத் தாங்க வேண்டிய மேற்பலகையின் தடிப்போ சில மில்லிமீற்றர்தான். தடிப்பைக் கூட்டினால் ஒலி செத்துவிடும். குறைத்தால் பலகை வளைந்துவிடும். அதனால்தான் உள்ளே கட்டைகள் ஒட்டினார்கள்.

ஸ்பெயினில் தோரெஸ் என்ற கைவினைஞர் விசிறி விரித்தாற்போல் மெல்லிய குச்சிகளை ஒட்டினார். ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் என்று காட்ட, 1862 இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையால் செய்த ஒரு கிட்டாரையே உருவாக்கினார். துணிச்சல்காரர்! ஜெர்மனியிலிருந்து 1833 இல் அமெரிக்கா போன மார்ட்டினின் பட்டறையோ கட்டைகளைப் பெருக்கல் அடையாளம் போல் குறுக்கே வைத்தது. பின்னாளில் எஃகுத் தந்தி வந்தபோது அதன் இழுவையைத் தாங்கியது அந்த முறைதான்.

1922 இல் கிப்சன் நிறுவனத்தின் எல்-5 வந்தது. வயலின் போல வளைந்த மேற்பலகை, இரண்டு எஃப் வடிவத் துளைகள். வீணைக்காரர் குதிரை என்று சொல்லும் பிரிட்ஜ் இதில் ஒட்டப்படவில்லை. தந்திகளின் அழுத்தத்திலேயே நின்றது. அந்த அழுத்தத்தை ஏற்க, மேற்பலகையின் அடியில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள்.

1936 இல் அதே நிறுவனம் இஎஸ்-150 என்ற மின்சார கிட்டாரை விற்பனைக்கு விட்டது. தலைவலியும் கூடவே வந்தது. ஒலிபெருக்கியின் சத்தம் மேற்பலகையை அதிர வைக்கும், பலகை தந்தியை அதிர வைக்கும், அது திரும்பவும் ஒலிபெருக்கிக்குப் போகும். காலைக் கூட்டத்தில் மைக் கூவுமே, அதே ஊளைதான். வகுப்பில் பரிவு என்று நாம் படிப்பிப்பது இங்கே எதிரியாக நின்றது. நூறாண்டுகளாகப் பலகையை அதிர வைக்கப் பாடுபட்டவர்கள், இப்போது அதை அடக்க வழி தேட வேண்டியதாயிற்று.

லெஸ் போல் என்ற இசைக்கலைஞர் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் தந்திகளைப் பூட்டினார். பார்வைக்குக் கிட்டார் போல் இருக்கட்டும் என்று, பிளந்த ஒரு கிட்டாரின் இரு பாதிகளையும் அதன் பக்கங்களில் பொருத்தினார். கிப்சன் அப்போது அதை ஏற்கவில்லை. ஆனால் 1958 இல் அதே கிப்சன் வெளியிட்ட இஎஸ்-335 இன் நடுவே கழுத்திலிருந்து அடிவரை மேப்பிள் மரக்கட்டை ஒன்று ஓடியது. குதிரை நின்றது அந்தக் கட்டையின் மேல். இருபுறமும் மட்டும் வெற்றிடம். அதே காலத்தில் கிரெட்ச் நிறுவனம் நடுக்கட்டை வைக்காமல், மேற்பலகையையும் முதுகையும் பாலத்தின் கால்கள் போன்ற தாங்கிகளால் இணைத்தது. எங்களைக் கேட்டால் அழகான யோசனை இதுதான். வயிறு முழுதாக அடைபடவில்லை அல்லவா?

நடுக்கட்டை இருந்தும் ஊளை முற்றாக நிற்கவில்லை. பி.பி. கிங் தன் கிட்டாரின் எஃப் துளைகளுக்குள் துணியைத் திணித்துத்தான் மேடையில் வாசித்தார். 1980 இல் கிப்சன் அவருக்கென்று ‘லூசில்’ மாதிரியை வெளியிட்டபோது, அதில் துளைகளையே வெட்டவில்லை.