ஆட்டுக்குட்டிக் காதுச் செடியின் வரலாறு

ஸ்டேக்கிஸ் பைசன்டினா என்னும் தாவரவியல் பெயர் கொண்ட இச்செடி, துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. துருக்கி, ஆர்மீனியா, ஈரான் ஆகிய நாடுகள் இதன் தாயகம். தரையோடு ஒட்டிப் படரும் இப்பல்லாண்டுச் செடியின் தடித்த இலைகளை மென்மயிர் மூடியிருப்பதால் அவை வெள்ளிநிறமாகத் தோன்றுகின்றன. தொட்டால் ஆட்டுக்குட்டியின் காதைப் போலிருக்கும். ஆங்கிலத்தில் 'லாம்ப்ஸ் இயர்' என்று வழங்குவது அதனால்தான். இம்மயிர் வெயிலைத் திருப்பி அனுப்பி, இலையின் ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. மழையும் ஈரக்காற்றும் மிகுந்த இடங்களிலோ அதே மயிர் நீரைப் பிடித்துவைத்து இலையை அழுகச் செய்துவிடும்.

1781இல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் இதற்கு ஸ்டேக்கிஸ் லனாட்டா என்று பெயரிட்டார். லனாட்டா என்றால் இலத்தீனில் கம்பளி போன்றது என்று பொருள். (பொங்கலையொட்டிக் காப்புக் கட்டப் பயன்படும் சிறுபூளையின் அறிவியல் பெயரிலும் இச்சொல் உண்டு.) அப்பெயர் வேறொரு செடிக்கு முன்பே இடப்பட்டிருந்ததால் செல்லாமற் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியரான கார்ல் கோக் இட்ட பைசன்டினா என்ற பெயரே நிலைத்தது. தோட்டக்காரர்கள் மட்டும் பழைய பெயரை எளிதில் விடவில்லை.

இச்செடிக்குத் தோட்டக்கலையில் உரிய இடம் கிடைத்ததில் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்குப் பெரும்பங்கு உண்டு. ஓவியம் பயின்ற அவருக்குக் கண்பார்வை குன்றிவந்தது. 1891இல் ஜெர்மனியின் கண் மருத்துவர் ஒருவர், ஓவியம், பூத்தையல் போன்ற நுண்வேலைகளை விட்டுவிடும்படி அறிவுறுத்தினார். அதன்பின் அவரது நிறவுணர்வு முழுவதும் மண்ணில் இறங்கியது. சர்ரே மாவட்டத்திலிருந்த மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் ஏறத்தாழ 200 அடி நீளப் பூப்பாத்தி ஒன்றை அமைத்தார். நடுவில் சிவப்பு, ஆரஞ்சு போன்ற சுடும் நிறங்கள். இரு முனைகளிலும் நீலம், வெள்ளை முதலிய மென்னிறப் பூக்கள், அவற்றோடு இச்செடி போன்ற சாம்பல்நிற இலைச்செடிகள். பளிச்சிடும் பூக்களைக் கூட்டமாக நட்டு நிரப்புவதே அழகு என்றிருந்த விக்டோரியா காலத்து வழக்கத்துக்கு இது நேர்மாறு. இம்முறையை அவர் 1908இல் வெளியிட்ட தோட்ட வண்ணங்கள் பற்றிய நூலில் விளக்கினார்.

இலைக்காகவே வளர்ப்பதால், ஊதாநிறப் பூந்தண்டுகளைப் பலர் வெட்டிவிடுவர். அரிதாகவே பூக்கும் 'சில்வர் கார்ப்பெட்' என்ற வகையும் வந்துவிட்டது. இதில் இழப்பு தேனீக்களுக்குத்தான். ஆயினும் ஆந்திடியம் இனத் தனித்தேனீ ஒன்றுக்கு இலையும் பயன்படுகிறது. பெண் தேனீ தன் தாடையால் இலைமயிரைச் சுரண்டிப் பஞ்சுருண்டையாக்கி எடுத்துச்சென்று கூடு கட்டுகிறது. ஐரோப்பாவிலிருந்து பரவிய இத்தேனீ வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1963இல், நியூயார்க் மாநிலத்தில். இன்று அங்கும் அது இச்செடிப் பாத்திகளைச் சுற்றிவருகிறது. ஆண் தேனீ அப்பாத்தியைத் தன் எல்லையாகக் கொண்டு, பூவுக்கு வரும் பிற தேனீக்களை விரட்டுகிறது.