திருச்சபையின் பணியும் வறியோரின் வரலாறும்

கருத்துக்கள் தனிமனித மேதையால் மட்டும் தோன்றுவன அல்ல. அவற்றை வேண்டி நிற்கும் சமுதாய நிலைமைகளும் உண்டு. பெரு நாட்டுக் கத்தோலிக்க இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ் (1928–2024) திருச்சபையின் பணி பற்றிய சிந்தனையில் ஏற்படுத்திய மாற்றத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும்.

குடியேற்றவாதத்தோடு இலத்தீன் அமெரிக்காவிற் புகுந்த திருச்சபை, ஆன்ம ஈடேற்றத்தையே பெரும்பாலும் தன் பணியாகக் கொண்டிருந்தது. நிலவுடைமையாளரோடு அது பூண்டிருந்த உறவு அப்பணிக்கு முரணானதாகக் கருதப்படவில்லை. கியூபப் புரட்சியும், ‘அபிவிருத்தி’ வாக்குறுதிகளின் தோல்வியும் 1960களில் இந்நிலையைக் கேள்விக்குள்ளாக்கின. 1968 ஜூலையிற் சிம்போட்டே நகரில் ஆற்றிய உரையில் விடுதலை இறையியலை முன்வைத்த குத்தியேரெஸ், 1971 இல் அதனை நூலாக விரித்தார். ஈடேற்றத்தின் வரலாறும் மனித வரலாறும் இரண்டல்ல. வறுமை விதியன்று, சுரண்டலமைப்பின் விளைவு. எனவே வறியோரின் போராட்டத்திற் பங்குகொள்வது பணியின் உள்ளடக்கமே என்பது அவர் வாதம்.

1968 இல் மெடலினிலும் 1979 இல் புவெப்லாவிலும் கூடிய ஆயர்கள் வறியோர் சார்பை வற்புறுத்தினர். ஆனால் 1984 இல் வத்திக்கான், மார்க்சியக் கருத்தாக்கங்களின் பயன்பாட்டைக் கண்டித்து அறிவுறுத்தல் வெளியிட்டது. இம்முரண்பாடு தற்செயலானதன்று. ‘வறியோர்’ இரக்கத்திற்குரியோராக இருக்கும்வரை நிறுவனம் அவர்களை ஏற்கும். வர்க்கமாக எழுகையில் அஞ்சும்.

குத்தியேரெஸ் மார்க்சியவாதியல்லர், விசுவாசமே அவரது அடித்தளம். எனினும், வறியோரைப் பணியின் இலக்காக அன்றி வரலாற்றின் கருத்தாக்களாகக் கண்டமையே அவரது நிலைத்த பங்களிப்பென நாம் கருதுகிறோம்.