யானைச்செவிச் செடியும் அழகுத் தோட்டமும்

சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த பேரிலைச் செடிகள் சிலவற்றை ஆங்கிலேயர் அவற்றின் இலைவடிவு நோக்கி யானைச்செவி என வழங்கினர். அவற்றுள் ஒன்றான அலோக்காசியா ஆசியாவின் வெப்பக் காடுகளிலே தழைப்பது. அதன் பெருங்கிழங்கு வகையொன்றை ஆசிய, பசிபிக்குத் தீவு மக்கள் நெடுங்காலம் உணவாகக் கொண்டனர். ஊசிபோன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயையும் தொண்டையையும் அரிக்குமாதலின், நன்கு வேகவைத்தே உண்டனர். இத்தகைய செடிகளை இலையின் எழிலுக்காகவே பேணும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவிற்று.

அதற்கு ஏதுவாயவை இரண்டு. இலண்டன் மருத்துவரான நதானியேல் உவாட் என்பார், மூடிய கண்ணாடிக் கலத்தினுள் செடி வாடாது வளர்தலை 1829 ஆம் ஆண்டளவிற் கண்டார். 1833 இல் அவர் அமைத்த பேழைகள் சிட்னிக்குக் கப்பலேறின. உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் கடலில் மடிந்துவந்த செடிகள் அதன்பின் உயிருடன் கரைசேரலாயின. பிரித்தானியாவிற் கண்ணாடி வரி 1845 இல் நீக்கப்பட்டமை மற்றைய ஏதுவாகும். வெப்பமூட்டிய கண்ணாடி மனைகள் செல்வர் தோட்டங்களிற் பெருகின. அவற்றை நிரப்ப அரிய செடிகளைத் தேடும் வணிகமும் பெருகிற்று.

பிலிப்பைன் தீவுகளுள் ஒன்றான மின்டனாவோவிற்குரிய அலோக்காசியா ஒன்று, கரும்பசுமை இலையும் வெண்ணரம்பும் நெளிந்த விளிம்பும் உடையது. 1884 இல் அது அலோக்காசியா சாண்டேரியானா எனப் பெயரிடப்பெற்றது. சாண்டர் என்பார் இங்கிலாந்திலே சென் அல்பன்சு நகரில் ஓக்கிட்டு வணிகஞ் செய்தவர். செடியின் பெயரில் நிலைத்தது அது பிறந்த தீவன்று. ஒரு வணிகனின் பெயரே.

அதே செடி மேலும் ஒரு பெயர்மாற்றத்திற்கு இடமாயிற்று. 1950களில் அமெரிக்காவின் மயாமி நகரிலே சல்வடோர் மவுரோ என்பார் அதனை மற்றோர் ஆசிய அலோக்காசியாவுடன் கலந்து புதுவகை ஒன்றைப் பெற்றார். அவர்தம் நாற்றுத் தோட்டத்தின் பெயர் அமேசன் என்பதாதலின், அச்செடி அமேசோனிக்கா எனப்பட்டது. தென்னமெரிக்கப் பேராற்றுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும், அப்பெயர் கேட்டோர் அதன் தாயகம் அமேசன் காடென எண்ணுதல் இயல்பே.

உலகெங்கும் வீட்டுக் கூடங்களை அணிசெய்யும் இக்கலப்பினத்தின் தாய்ச்செடிகளுள் ஒன்றான சாண்டேரியானாவோ, தன் சொந்தக் காட்டில் அருகி அழிவை எதிர்நோக்குகின்றது. தொட்டியிற் பல்கிய செடி காட்டிற் குன்றியதாயின், பெயரால் மறைந்த தாயகத்தை அறிதல் வெறும் சொல்லாராய்ச்சியன்று. எந்நிலத்துச் செடி என்பதை அறிந்தாலன்றி, எந்நிலத்தைக் காத்தல் வேண்டும் என்பதும் விளங்காது.