செய்தி சேர்ந்ததா? – ஒப்புகைக் குறியின் வரலாறு

கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, அதன் ஓரத்தில் தோன்றும் சிறு குறியையே பார்த்துக்கொண்டிருப்பவர்களை இன்று எங்கும் காணலாம். ஒற்றைக் குறி இரட்டையாகும். இரட்டைக் குறி நீலமாகும். "நீலமாகி இரண்டு நாளாயிற்று, பதிலைக் காணோம்" என்று மனம் கசந்து போன நண்பர்கள் உண்டு. நீதிமன்றத்தில்கூட இக்குறி சாட்சியாக ஏறிவிட்டது. அப்படியானால், இந்தக் குறி எதற்குச் சாட்சி சொல்கிறது, அந்தச் சாட்சியைச் சொல்பவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். இக்கேள்விக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-இல், கிளாட் ஷாப் என்பவர் பாரிஸ் நகருக்கும் லீல் நகருக்கும் இடையே ஒரு காட்சித் தந்தியை அமைத்தார். கோபுரங்களின் உச்சியில் மரக்கைகள். ஒரு கோபுரத்தின் கைகள் காட்டும் வடிவத்தை அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியால் பார்த்துத் தாமும் அவ்வாறே காட்டுவார். இதில் ஒரு நயம் உண்டு. அனுப்பியவர் தம் தொலைநோக்கியைத் திருப்பி, அடுத்த கோபுரம் தம் வடிவத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார். செய்தியைத் திரும்பச் சொல்வதே அங்கு ஒப்புகை. ஆனால் அவர் அறிந்தது அடுத்த கோபுரம்வரைதான். இருபதாவது கோபுரத்தில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத கம்பியில் செய்தி போகத் தொடங்கியதும் இடர்ப்பாடு முற்றியது. 1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைத்து அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திவடம் போடப்பட்டது. நியூயார்க்கில் வாணவேடிக்கை நடத்தினார்கள். அதில் நகரமன்றக் கட்டிடத்தின் உச்சியே தீப்பற்றிக்கொண்டது! ஆனால் விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 98 சொற்கள் கடலைக் கடக்க ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது.

காரணம் எளிய இயற்பியல்தான். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கட்டபர்ச்சா என்னும் காப்புப் பொருள், வெளியே உப்புநீர். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் என்றால் அது மின்தேக்கி அன்றோ? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்தேக்கி! ஒரு முனையில் சுருக்கென்று கொடுத்த மின்துடிப்பு மறுமுனையில் சோம்பலாகப் பரந்து எழும். நீளம் இருமடங்கானால் இத்தாமதம் நான்கு மடங்காகும் என்பதை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) வடம் போடுவதற்கு முன்பே கணக்கிட்டுக் கூறியிருந்தார். வடத்தின் மின்பொறுப்பாளரான ஒயிட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. அவர் பெரும் தூண்டுசுருள்களைக் கொண்டு உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். ஏற்கெனவே நலிந்திருந்த காப்பு மேலும் கெட்டது.

அந்தச் சில வாரங்களில் இரு கரைகளிலும் இருந்த தந்தியாளர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? திரும்ப அனுப்புங்கள், மெதுவாக அனுப்புங்கள், எங்கள் குறி தெரிகிறதா – பெரும்பாலும் இவையே. வடத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி ஒப்புகை கேட்பதிலேயே கழிந்தது எனலாம்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1857-இல் வெடித்த கிளர்ச்சியை அடக்குவதற்காகக் கனடாவில் இருந்த இரண்டு பிரிட்டிஷ் படைப்பிரிவுகளை அழைத்திருந்தார்கள். கிளர்ச்சி ஒடுங்கியதும், வர வேண்டாம் என்ற ஆணை 1858 ஆகஸ்டு 31 அன்று இந்த வடத்தின் வழியே சென்றது. அதனால் பிரிட்டிஷ் அரசுக்குச் சுமார் 50,000 பவுன் மிச்சமாயிற்று என்பார்கள். மறுநாளே வடம் ஏறக்குறைய மூச்சடங்கிவிட்டது. ஒரு நாள் தாமதித்திருந்தால், ஆணையிட்டவர் போய்விட்டது என்று எண்ணியிருப்பார். ஆணை கடலடியில் கரைந்திருக்கும்.

ஒப்புகை கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பதை 1975-இல் மூன்று கணிப்பொறி அறிஞர்கள் காட்டினர். அவர்கள் சொன்ன உவமையில் வந்தவை இரண்டு கொள்ளைக் கூட்டங்கள். 1978-இல் ஜிம் கிரே அவற்றைப் படைத்தலைவர்களாக உயர்த்தினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு குன்றுகளில் இரண்டு படைத்தலைவர்கள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் பள்ளத்தாக்கைக் கடந்தே போக வேண்டும். வழியில் பிடிபடவும் கூடும். முதல் தலைவர் "விடியலில் தாக்குவோம்" என்று சொல்லி அனுப்புகிறார். இரண்டாமவர் "சரி" என்று மறுமொழி அனுப்புகிறார். அந்த மறுமொழி சேர்ந்ததா என்று இரண்டாமவருக்குத் தெரியாதே! ஆகவே முதலாமவர் அதற்கும் ஓர் ஒப்புகை அனுப்ப வேண்டும். அது சேர்ந்ததா?

இப்படியே நூறு தூதர்களை அனுப்பினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது, நிரூபணம் இரண்டே வரிதான். எத்தனை தூதர்கள் வேண்டுமோ அவற்றுள் மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். கடைசித் தூதன் வழியில் பிடிபட்டாலும் திட்டம் நடந்தாக வேண்டும். அப்படியானால் அவன் தேவையே இல்லை. ஆகவே நாம் எடுத்த எண் மிகக் குறைந்த எண் அன்று. தவறக்கூடிய வழியில் எத்தனை ஒப்புகை பரிமாறினாலும் இருவருக்கும் முழு உறுதி பிறக்காது.

பொறியாளர்கள் இதற்காகக் கைகட்டி நிற்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிய அலோஹா என்னும் வானொலிப் பிணையத்தில், குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், இயந்திரம் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். உறுதியைக் கைவிட்டு நிகழ்தகவைப் பற்றிக்கொண்டார்கள். இன்றைய இணையமும் இவ்வழியில்தான் ஓடுகிறது.

இனிக் குறுஞ்செய்திக்கு வருவோம். 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து, வோடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸின் கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அக்கைப்பேசியில் செய்தி எழுதும் வசதி இல்லாததால் பதில் வாழ்த்துக்கு வழியில்லை.

குறுஞ்செய்தி நேரே நண்பரின் கைப்பேசிக்குப் போவதில்லை. முதலில் நிறுவனத்தின் செய்தி மையத்தில் போய்த் தங்குகிறது. "அனுப்பப்பட்டது" என்று நம் திரையில் தோன்றுவது, மையம் அதைப் பெற்றுக்கொண்டது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அஞ்சற்பெட்டியில் கடிதத்தைப் போட்டாயிற்று என்பது போல. பிறகு மையம், நண்பரின் எண் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று இருப்பிடப் பதிவேட்டைக் கேட்கும். கைப்பேசி அணைந்திருந்தால், இவருக்குச் செய்தி காத்திருக்கிறது என்ற குறிப்பு அப்பதிவேட்டில் ஏறும். கைப்பேசி உயிர்பெற்றதும் பதிவேடே மையத்துக்குத் தகவல் சொல்லும். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதற்கு அளவு உண்டு. விதிமுறையில் அது 63 வாரம்வரை போகலாம். நடைமுறையில் நிறுவனங்கள் அதைச் சில நாள்களாகச் சுருக்கிவிடுவது வழக்கம். தவணை கடந்தால் செய்தி குப்பைக்குப் போகும்.

செய்தி இறங்கியதும் நண்பரின் கைப்பேசி மையத்துக்கு ஓர் ஒப்புகை அனுப்பும். நாம் கேட்டிருந்தால் மையம் அதை "சேர்ந்தது" என்று நமக்கு அறிவிக்கும். இவ்வளவுதான். நண்பர் திரையைப் பார்த்தாரா என்பதைத் தெரிவிக்கும் ஏற்பாடு இதில் இல்லை.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டு போதுமாதலால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 16 பிட்டு வேண்டும். ஆகவே 70 குறியீடுகளே இடம்பெறும். "வணக்கம்" என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஐந்து. புள்ளிகளைத் தனியே எண்ணும் கணிப்பொறிக்கோ ஏழு. சற்று நீண்ட தமிழ்ச் செய்தி துண்டு துண்டாகவே போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஒப்புகை. இரண்டு துண்டு சேர்ந்து மூன்றாவது வழியில் நின்றுவிடுவதும் உண்டு.

படித்தாரா என்ற கேள்விக்கு விடை தேட முனைந்தது மின்னஞ்சல். 1998-இல் வெளியான விதிமுறையொன்று, செய்தி திறக்கப்பட்டதும் அனுப்பியவருக்கு அறிவிக்க வழிசெய்தது. அதை வகுத்தவர்கள் சொல்லில் மிகக் கண்டிப்பானவர்கள். "படித்தார்" என்று எழுதவில்லை, "திரையில் காட்டப்பட்டது" என்றே எழுதினார்கள். படித்ததற்கோ புரிந்துகொண்டதற்கோ இது உறுதியன்று என்றும் சேர்த்துவிட்டார்கள். அந்த நேர்மை பின்னால் வந்த குறிகளில் மறைந்துபோயிற்று. வாட்ஸப்பில் நீலக் குறி 2014 நவம்பரில் வந்தது. எதிர்ப்பு எழவே, அதை நிறுத்திவைக்கும் வசதி சில நாள்களில் தொடர்ந்தது. ஆனால் குழுச் செய்திகளுக்கு அது செல்லாது. உரையாடல் பக்கம் திரையில் திறந்தால் கைப்பேசி அனுப்பும் சமிக்ஞையே இந்நீலம். மேலே தோன்றும் அறிவிப்பிலேயே செய்தி முழுவதையும் ஒருவர் படித்துவிடலாம், நீலம் வராது. பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம், நீலம் வந்துவிடும்.

எண்ணைத் தடை செய்துவிட்டார் என்றால்? இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டு அமைப்பில் 2016 முதலும் கைப்பேசிக்குள்ளேயே எண்ணைத் தடை செய்ய முடிகிறது. தடை செய்யப்பட்டவர் அனுப்பும் குறுஞ்செய்தி வழக்கம்போல் வந்து இறங்கும். கைப்பேசியின் வானொலிப் பகுதி ஒப்புகையும் கொடுத்துவிடும். அதன்பின்தான் மென்பொருள் அதை ஒளித்துவைக்கிறது. ஆகவே அனுப்பியவருக்குச் "சேர்ந்தது" என்றே விடை வரும்! வாட்ஸப்பில் நேர் எதிர்: செய்தி அங்கேயே நின்றுபோகும், ஒற்றைக் குறி ஒற்றையாகவே இருக்கும். ஆனால் கைப்பேசி அணைந்திருந்தாலும் அதே ஒற்றைக் குறிதான். தடை செய்தவரைப் பாதுகாக்கவே இதை வேண்டுமென்று தெளிவற்றதாக வைத்திருப்பதாக அந்நிறுவனமே கூறுகிறது. நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். தொல்லை தாங்காமல் தடை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தெளிவின்மையே கதவுத் தாழ்.

நீதிமன்றங்கள் இக்குறிகளை எப்படி எடைபோட்டன? 2018-இல், கடன் அட்டை நிலுவை பற்றிய ஒரு வழக்கில், வாட்ஸப்பில் அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததோடு திறக்கவும்பட்டதைக் குறிகள் காட்டுகின்றன என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காவல்துறை அழைப்பாணை என்று வரும்போது கதை மாறியது. அழைத்தும் வராதவரைக் கைது செய்ய இடமுண்டு. ஒருவருடைய சுதந்திரமே அந்தக் குறியில் தொங்குகிறது. 2025 ஜனவரியில், அத்தகைய அறிவிப்பை வாட்ஸப் முதலிய மின்வழிகளில் அனுப்பலாகாது என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதை மாற்றித் தரும்படி அரியானா அரசு கேட்டபோது, அதே ஆண்டு ஜூலையில் மறுத்தும்விட்டது. ஆகவே அந்த ஒரு தாள் மட்டும் பழைய முறைப்படியே போகிறது.