பிராசசர் லேப்பிங்

கணினிப் பிராசசரின் உலோக மூடியையும் அதன்மேல் அமர்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அடிப்பரப்பையும் நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துச் சமதளமாக்கும் வேலை லேப்பிங் எனப்படும். இரண்டு பரப்பும் நெருங்கிப் பொருந்தும்போது சூடு எளிதில் கடந்துபோய், பிராசசரின் வெப்பநிலை சில டிகிரி இறங்குகிறது.

கோவையின் பம்பு, மோட்டார்ப் பட்டறைகளுக்கு லேப்பிங் பழகிய வேலை. கொடுமுடி, ஈரோடு பக்கத்துத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில், மேலிருந்து வரும் பளுவைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் இருக்கிறது. அதன் கார்பன் தட்டும் எஃகுத் துண்டுகளும் லேப்பிங்கில் மட்டமாக்கப்பட்டவை. பம்புகளின் மெக்கானிக்கல் சீல் முகங்களும் அப்படியே. பிராசசரில் தேவைப்படும் துல்லியம் இவற்றைவிடக் குறைவுதான்; வீட்டிலேயே கையால் செய்ய முடிவது அதனால்தான்.

செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே, இரண்டு உலோகங்களுக்கு நடுவே தங்கும் மெல்லிய காற்றுப் படலம்கூடப் பெரிய தடை. அதை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் தடவுகிறோம். பேஸ்ட் காற்றைவிட எவ்வளவோ மேல் என்றாலும் செம்புக்குப் பக்கத்தில் வராது. அது எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூடி நடுவில் குழிந்திருந்தால் அங்கே பேஸ்ட் தடித்துப்போகும். சூடு பிறக்கும் சில்லு இருப்பதும் அந்த நடுப்பகுதிக்குக் கீழேதான்.

2000-களின் தொடக்கத்தில் வந்த அத்லான் எக்ஸ்பி பிராசசர்களில் சில்லு மூடியின்றித் திறந்தே இருந்தது. பெண்டியம் 4, அத்லான் 64 காலத்தில் நிக்கல் பூசிய செம்பு மூடி வழக்கமானது. 2007-இல் வந்த இன்டெல் கியூ6600-ஐ ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகம் கூட்டி ஓட்டியவர்களிடம் மூடி தேய்ப்பது பரவலாக இருந்தது. 2021-இல் வந்த இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் சிக்கல் வேறு: பூட்டும் கொக்கியின் அழுத்தத்தால் நீண்ட பிராசசரே வளைகிறது. அதற்குத் தேய்ப்பதைவிட, அழுத்தத்தைச் சுற்றிலும் பரப்பும் மாற்றுச் சட்டகமே சரியான தீர்வு.

தேய்க்கக் கெட்டியான கண்ணாடி வேண்டும். பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் தாளை அதன்மேல் ஒட்டி, சில சொட்டு நீர் விட்டு, 400-இல் தொடங்கி 600, 800, 1000 என ஏற வேண்டும். மூடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். முதலில் மேட்டில் உள்ள மை அழியும். நிக்கல் போன இடத்தில் செம்பு சிவந்து தெரியும். நடுவில் மை மிச்சமிருந்தால் அங்கே இன்னும் குழி இருக்கிறது. விரலால் அழுத்தக் கூடாது; ஒருபக்கமாக அழுத்தினால் ஓரம் உருண்டுவிடும். அவ்வப்போது கால்வட்டம் திருப்பித் தேய்ப்பது நல்லது. கண்ணாடிபோல் மின்னும்வரை உழைப்பவர்கள் உண்டு. ஆனால் பலன் தருவது மட்டம், மினுக்கு அல்ல.

ஹீட்சிங்கைத் தொடுமுன் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் வேண்டுமென்றே அடிப்பரப்பைச் சற்றுக் குவித்துச் செய்கின்றன. ஒன்றை மட்டும் தேய்த்தால் பொருத்தம் கெடலாம். சூடு கடத்தும் குழாயான ஹீட்பைப் நேராகப் பிராசசரைத் தொடும் வகையைத் தேய்க்கவே கூடாது. மெல்லிய குழாய்ச் சுவர் ஓட்டையானால் உள்ளிருக்கும் திரவம் போய்விடும். செம்புத்தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் பிராசசரின் அடிப்பக்கத்தை நன்றாக மூடிவைத்து, முடிவில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மூடியில் அச்சிட்ட மாடல் எண் அழியும், அதோடு வாரண்டியும் போகும்.

100 வாட் சூடு வெளியிடும் பிராசசரில், இணைப்பின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.03 டிகிரி குறைந்தால் கிடைப்பது 3 டிகிரி. இந்த லாபத்தைக் கோடைச் சூடு எளிதில் விழுங்கிவிடும். கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் கரூர் பரமத்தி கொடுமுடிக்கு அருகில்தான். அறை 28 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ அதே 12 டிகிரி ஏறும். எனவே கொடுமுடிப் பக்கத்தில் ஃபேனிலும் ஹீட்சிங்கின் இறக்கைகளிலும் படிந்த தூசியைத் தட்டி, காய்ந்த பேஸ்டை மாற்றி, கேபினெட்டுக்குக் காற்றோட்டம் கொடுத்த பிறகும் சூடு அடங்காவிட்டால் மட்டுமே உப்புத்தாளை எடுக்கலாம்.