அனிலின் (பெயர் வரலாறு)

அனிலின் சாயம், மருந்து, ரப்பர், பாலியூரித்தேன் தொழில்களில் பயன்படும் கரிமச் சேர்மம். இதன் மூலக்கூறில் 6 கார்பன், 7 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. தூய நிலையில் நிறமற்ற, எண்ணெய் போன்ற நீர்மம். காற்றுப் பட்டால் பழுப்பேறும். நீலம் இதில் துளியும் இல்லை. பெயரோ நீலத்திலிருந்தே பிறந்தது.

சொற்பிறப்பு

கருநீலத்தைக் குறிக்கும் 'நீல' என்ற வடசொல், அவுரிச் சாயத்தின் பெயராகப் பாரசீகம் வழியே அரபு மொழிக்குச் சென்று 'நீல்' ஆனது. அரபியில் பெயர்ச்சொல்லின் முன் வரும் 'அல்', நகரத்துக்கு முன் லகரத்தை இழப்பதால் அது 'அன்னீல்' என ஒலித்தது. போர்ச்சுக்கீசியர் அந்த முன்னொட்டைப் பிரித்தறியாமல் முழுவதையும் ஒரே சொல்லாக்கி 'அனில்' என்றனர்.

ஒரே பொருள், நான்கு பெயர்கள்

1826இல் ஜெர்மானியரான ஓட்டோ உன்பெர்டோர்பென் அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்து இந்த எண்ணெயை எடுத்தார். அமிலங்களோடு சேர்ந்து எளிதில் படிக உப்புகளைத் தந்ததால் 'கிறிஸ்டலின்' என்றழைத்தார். 1834இல் ஃபிரீட்லீப் ரூங்கே நிலக்கரித் தாரில் இதைக் கண்டார். சலவைத்தூளோடு சேர்த்தபோது நீலநிறம் தோன்றியதால் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'கயானால்' எனப் பெயரிட்டார். 1840இல் கார்ல் யூலியஸ் ஃபிரிட்ஷே அவுரிச் சாயத்தைக் காரப் பொட்டாஷோடு சூடாக்கிப் பெற்று, 'அனில்' என்பதிலிருந்து 'அனிலின்' என்றார். 1842இல் ரஷ்யாவின் கசான் நகரில் நிக்கோலாய் ஸினின் நைட்ரோபென்சீனை ஒடுக்கி இதையே தயாரித்து, 'பென்சிடாம்' என்றார். நான்கும் ஒன்றே என்று 1843இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் நிறுவினார். நிலைத்தது ஃபிரிட்ஷே இட்ட பெயர்.

பிற்காலம்

1856இல் லண்டனில் கொய்னாவைச் செயற்கையாக ஆக்க முயன்ற வில்லியம் பெர்கினுக்கு, கலப்புள்ள அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து எழுந்த சாயத் தொழில் இப்பெயரைப் பரப்பியது. 1865இல் தொடங்கிய பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனப் பெயரின் 'ஏ' அனிலினைக் குறிப்பதே. அந்நிறுவனம் 1897இல் செயற்கை நீலச்சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இந்திய அவுரிச் சாகுபடி சரிந்தது. அச்சாயத்துக்கான இடைப்பொருளான ஆந்த்ரானிலிக் அமிலமும் தன் பெயரில் 'அனில்' என்பதைச் சுமந்தது.

இன்று அனிலின் அவுரியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. பெரும்பாலும் நைட்ரோபென்சீனை ஒடுக்கியே தயாரிக்கப்படுகிறது. வழி ஸினினுடையது, பெயர் மட்டும் அவுரியுடையது.