சுட்டவன் ஒருவன், தூக்கில் தொங்கியவன் இன்னொருவன்

சென்ற இதழில் 1957-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலைச் சட்டத்தின் வாசல்வரை வந்திருந்தோம். உள்ளே போகுமுன் லண்டனை ஒட்டிய குரொய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் ஏறியாக வேண்டும்.

1952 நவம்பர் 2, ஞாயிறு இரவு. திருட வந்தவர்கள் இரண்டு பையன்கள். கிறிஸ்டோபர் கிரெய்குக்கு வயது 16. கையில் குழல் அறுத்த ரிவால்வர். டெரெக் பென்ட்லிக்கு 19. எழுதப் படிக்கத் தெரியாது, வலிப்பு நோய் வேறு. புத்தியோ 11 வயதுப் பிள்ளையினுடையது. அக்கம்பக்கத்தார் பார்த்துத் தகவல் சொல்ல, போலீஸ் வந்துவிட்டது. முதலில் மேலேறிய துப்பறியும் காவலர் ஃபேர்ஃபாக்ஸ், கிரெய்கின் குண்டு தோளில் பட்ட பிறகும் பென்ட்லியைப் பிடித்து வைத்துக்கொண்டார். அசல் வீரர் அவர். பென்ட்லியின் சட்டைப்பையில் ஒரு கத்தி இருந்தது. அதை அவன் தொடவில்லை. பிடிபட்ட பிறகு தப்பி ஓடவும் பார்க்கவில்லை.

சுமார் கால் மணி நேரம் கழித்து மாடிப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் காவலர் சிட்னி மைல்ஸ். கிரெய்க் சுட்டான். மைல்ஸ் அங்கேயே இறந்தார். அப்போது பென்ட்லி போலீஸ் பிடியில்தான் இருந்தான்!

வழக்கை விசாரித்தவர் தலைமை நீதிபதி காடர்ட். என் கணக்கில் இந்தக் கதையின் வில்லன் அவரே. ஜூரிகளுக்கு அவர் சொன்ன விளக்கவுரை முழுக்க அரசுத் தரப்பு வாதமாகவே ஒலித்தது. ஜூரிகள் 75 நிமிடத்தில் இருவரும் குற்றவாளிகள் என்றார்கள். பென்ட்லிக்குக் கருணை காட்டும்படியும் கேட்டார்கள். 18 வயது நிரம்பாத கிரெய்கைத் தூக்கிலிடச் சட்டத்தில் இடமில்லை. பென்ட்லியைத் தூக்கிலிட இடமிருந்தது. கருணை கேட்டுச் சுமார் 200 எம்.பி.க்கள் கையெழுத்திட்டும் உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப் மனம் இரங்கவில்லை. 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் பென்ட்லியின் கதை முடிந்தது. சுட்ட கிரெய்க் பத்தாண்டு சிறையிலிருந்து 1963-இல் வெளியே வந்தான்.

தம்பிக்காகக் கடைசிவரை படியேறியவர் அக்கா ஐரிஸ். 1998 ஜூலை 30 அன்று, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதைக் கேட்க ஐரிஸ் இல்லை, 1997-இலேயே இறந்துவிட்டார்.

வேறொரு குற்றத்தின்போது உயிர் போனாலே அது கொலை என்று, உடன் வந்தவனையும் கொலைகாரனாக்க வழிவிட்ட பழைய விதியை இங்கிலாந்து அந்த 1957 சட்டத்தால் ஒழித்தது. அதே விதியை இங்கிலாந்திடமிருந்து வாங்கிய அமெரிக்க மாநிலங்கள் பலவும் இன்னும் விடவில்லை. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1980-இல் அதைத் தூக்கி எறிந்தது. கலிஃபோர்னியா 2018-இல் சட்டம் திருத்தி, சுடாத, கொல்லும் எண்ணமும் இல்லாத பலருக்குப் பழைய தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வழி திறந்தது. ஆனால் பணியிலிருந்த காவலர் இறந்த வழக்குகளுக்கு அந்தச் சலுகையில் விலக்கு வைத்தது. அதாவது, பென்ட்லி போன்றவனுக்கு அங்கே இன்றும் கதவு அடைப்புத்தான்.

மைல்ஸின் உயிருக்கு விலை உண்டு. அந்த விலையைச் சுட்டவனிடம் கேட்க வேண்டும். உடன் வந்தவன் திருட வந்தான் என்றால் திருட்டுக்குத் தண்டனை கொடுங்கள். கொலைக்கு உதவினான் என்றால் அதை நிரூபித்துவிட்டு அதற்குக் கொடுங்கள். இறந்தவர் யார் என்பதைப் பார்த்து இந்த நியாயம் மாறக் கூடாது.

1957 சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கதை, அடுத்த இதழில்.